பிளாங்கோ ஆற்றங்கரையில் இரவல் தூண்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கப் பூங்காக்கள் பற்றிய கட்டுரை படித்தேன். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் எல்லாம் சரி. ஆனால் கூடாரம், தூண்டில், லைசென்ஸ் என்று ஆயிரக்கணக்கில் டாலரை இறைக்காமல் அங்கே ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்கி மீன் பிடிக்க முடியாது என்று எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் மகள் வீட்டில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவன் நான்.

ஆஸ்டினிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பிளாங்கோ என்றொரு சின்ன ஊர். அதே பெயரில் ஓர் ஆறு, ஆற்றையொட்டி மாநிலப் பூங்கா. மொத்தமே நூற்றுச் சொச்சம் ஏக்கர்தான். மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த மாநிலப் பூங்காவெல்லாம் இருக்கிற டெக்சாஸில் இது வீட்டுக் கொல்லை மாதிரி. பால் தீர்ந்துபோனால் ஊருக்குள் நடந்தே போய் வாங்கி வரலாம்.

எங்களிடம் கூடாரம் கிடையாது. வலையடித்த கொட்டகைகள் சில அங்கே வாடகைக்கு இருக்கின்றன. கட்டில் மெத்தை எதிர்பார்க்கக் கூடாது. பாய், ஜமுக்காளம், இருக்கிற போர்வை அத்தனையும் அள்ளிக்கொண்டு போனோம். ஜனவரிக் குளிர் எலும்பில் இறங்கியது, பொய் சொல்லவில்லை. ஆனால் பொதுக் குளியலறையில் வெந்நீர் வந்தது.

இனி தூண்டில் கதை. நான் ஸ்ரீவைகுண்டம் தென்கால் வாய்க்காலில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டிக் கெண்டை பிடித்து வளர்ந்தவன். ஆற்றைப் பார்த்ததும் கை அரித்தது. மாப்பிள்ளையோ, "லைசென்ஸ் இல்லாம போட்டா ஃபைன் போடுவான் மாமா" என்று வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டே வந்தார். பூங்கா அலுவலகத்தில் கேட்டால் விஷயமே வேறு. டெக்சாஸில் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிப்பதற்கு யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். வேறு இடங்களில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கட்டாயம். தூண்டில் இல்லையே என்றேன். இரண்டு கோலும், முள், தக்கை, ஈயக்குண்டு போட்ட ஒரு பெட்டியும் இரவலாகக் கொடுத்துவிட்டார்கள். வாடகைகூட இல்லை.

முதல் நாள் ஒன்றும் சிக்கவில்லை. மண்புழுவை நம்பியது என் தப்பு. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரப் பெரியவர், எங்கள் பாட்டைப் பார்த்துவிட்டு, டப்பாவில் வரும் இனிப்பு மக்காச்சோளத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தார். குளிர்காலத்தில் அந்த ஆற்றில் ரெயின்போ டிரவுட் என்ற மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்த மீனுக்குச் சோளமணி பிடிக்குமாம். மறுநாள் காலை பத்து மணிக்குள் நாலு மீன்! டிரவுட் ஒன்றும் நமக்குப் புதிதல்ல, வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரித்த அதே ஜாதிதான்.

"பிடிக்கிறதுக்குன்னே ஏன் தாத்தா மீனை விடுறாங்க?" என்றான் பேரன். நியாயமான கேள்விதான். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். டெக்சாஸ் கோடையில் தண்ணீர் சூடேறியதும் அது பிழைக்காது; அதற்குள் பிடித்துச் சாப்பிடத்தான் விடுகிறார்கள். ஒருவர் ஒரு நாளில் ஐந்து பிடிக்கலாம். நாலையும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு தடவி அடுப்பில் வாட்டியபோது பேரனின் கேள்வி தானாக அடங்கிவிட்டது.

நாங்கள் தூண்டில் போட்ட மடு, ஒரு தடுப்பணையால் தேங்கியது. அணையும், கல்லில் கட்டிய மேசைகளும் 1930-களில் வந்தவை. பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லா இளைஞர்களுக்காக 1933-இல் தொடங்கிய வேலைப்படை கட்டியது. படையில் சேர்ந்த இளைஞனுக்கு மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தக் கல்மேசையில்தான் மகள் வெங்காயம் நறுக்கினாள்.

ஆற்றை நம்பி அசந்துவிடவும் கூடாது. 2015 மே மாத வெள்ளத்தில் இதே பிளாங்கோ, கீழே விம்பர்லி ஊரில் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலையில் பக்கத்துக் குவாடலூப் ஆறு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ராத்திரியில் வந்த வெள்ளம் அது. மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், முன்பதிவுப் பணம் போனால் போகட்டும். அப்புறம், சனி ஞாயிறுக்கு வெகு முன்னாலேயே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.

கட்டுரையில் மற்றது எப்படியோ இருக்கட்டும், லைசென்ஸ் பற்றி எழுதிய அந்த வாக்கியத்தை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெரியவர்கள் பலர் உங்கள் வாசகர்கள். அவர்கள் வீட்டிலும் என் மாப்பிள்ளை மாதிரி ஒருவர் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஸ்ரீவைகுண்டம்