சனிக்கிழமைக்கு ஓர் அறை வேண்டும்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக ஆண்டுதோறும் பேச்சுப்போட்டியும் கதை சொல்லும் போட்டியும் நடத்துகிறீர்கள். என் மகள் மூன்று முறை கலந்துகொண்டாள். மனப்பாடம் செய்தாள், மேடையில் சொன்னாள், வீடு திரும்பும் வழியிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். அவள் தானாகத் தமிழில் பேசத் தொடங்கியது எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விமான மாடல் ஒட்ட உட்கார்ந்தபோதுதான்.

காரணம் என் அப்பா. சிராங்கூன் சாலையில் நகை வேலை செய்தவர், ஆங்கிலம் சரளமாக வராது. முதலில் வாங்கியது ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல், நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. முடித்தால் இறக்கையின் முழு நீளம் 16 செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் சின்னச் சின்னப் பாகங்களை எடுக்க அப்பா தன் பழைய சாமணத்தைக் கொண்டுவந்தார். கூடவே அரம், உப்புத்தாள். பேத்திக்கு இந்தச் சொற்களெல்லாம் ஒரே மாலையில் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பசை இரண்டு ஓரங்களையும் உருக்கி ஒன்றாக்குவதைப் பார்த்து, “இது ஒட்டுறது இல்லம்மா, பத்தவைக்கிறது” என்றார். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது சரியாக இருந்தது.

தவறுகளும் நடந்தன. விமானியின் கண்ணாடிக் கூண்டை நான் சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். மறுநாள் காலையில் அதன் உட்புறம் முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது. மகள் அழுதாள். அப்புறம்தான் கண்ணாடிப் பாகத்துக்கு வெள்ளைப் பசைதான் ஏற்றது என்று தெரிந்துகொண்டோம். மழை நாளில் பளபளப்புப் பூச்சு அடித்தாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் அது வெளுத்துப்போகும். இப்போது பூச்சு அடிக்கும் முன் மகள் சன்னலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறாள்.

அடுத்து, பிரிட்டிஷ் தரப்பு இங்கே பறக்கவிட்ட பஃபலோ என்ற போர் விமானத்தைச் செய்தோம். பீப்பாய் போல உருண்ட விமானம். “ஏன் தாத்தா இவ்வளவு குண்டு?” என்று கேட்டவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலாங்கின் பழைய விமான நிலையக் கட்டடத்துக்கு அழைத்துப்போனோம். 1937-இல் திறந்த நிலையம். 1941 கடைசியிலும் 1942 தொடக்கத்திலும் பஃபலோக்கள் அங்கிருந்தும் கிளம்பி ஜப்பானிய விமானங்களை எதிர்த்தன. ஜப்பானியரின் ஸீரோ போர் விமானத்தோடு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாடநூலில் ஒரு பத்தியாக இருந்த போர், தன் கையால் இறக்கை ஒட்டிய பிள்ளைக்கு வேறு மாதிரி தெரிகிறது. அந்த விமானிகளுக்கு என்ன வயது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது மேசையில் இருப்பது ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட், 144-இல் ஒரு பங்கு, 43 செண்டிமீட்டர் நீளம். 1970-களின் இறுதியில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குப் பறந்த கான்கார்ட் ஒன்றின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணமும் வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமும் பூசப்பட்டிருந்தன. அப்பாவுக்கு அந்தச் செய்தி நினைவிருக்கிறது. அதை அவர் சொல்லச் சொல்ல, மகள் ஸ்டிக்கர்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கி, இடப்பக்கத்தில் பதித்தாள். கை வேலையில் இருக்கும்போது வாய் தயங்குவதில்லை. வார்த்தை தெரியாவிட்டால் கேட்கிறாள், தப்பாக வந்தால் வெட்கப்படுவதில்லை. அங்கே மதிப்பெண் போட யாரும் இல்லை.

போட்டிகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றோடு சனிக்கிழமை மாலைகளில் ஓர் அறை கொடுங்கள், தமிழில் பேசும் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார. சன்னல் திறக்கக்கூடிய அறையாக இருக்க வேண்டும், பசையும் தின்னரும் நெடியடிக்கும். நான்கு மேசை, நல்ல வெளிச்சம் போதும். நாங்கள் வாங்கிய முதல் பெட்டி 20 வெள்ளியை ஒட்டிய விலைதான், இருவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கத்தி பிடிக்கும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெட்டுப் பலகைகளையும் உப்புத்தாளையும் நான் கொண்டுவருகிறேன். சாமணத்தை மட்டும் அப்பா யாரிடமும் தரமாட்டார், அவரே வருவதாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத் தாய் ஒருத்தி