தீக்காயத்தில் மடங்கிப்போன முழங்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேட்டில் எங்கள் தெருப் பெண் ஒருவருக்கு அடுப்புத் தீயில் முழங்கையின் உட்புறம் வெந்து, புண் ஆறிய பின் தழும்பு சுருங்கி, கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது; குடத்தைத் தூக்கவோ கொடியில் துணி போடவோ அவரால் இயலவில்லை. வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் இப்படி ஆகும் என்று, சிகிச்சை முடித்து அனுப்பியபோது யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே என் ஆற்றாமை.

இத்தகைய தழும்புச் சுருக்கத்தை அறுவை சிகிச்சையில் அறுத்து விடுவித்த இடத்தில் மெல்லிய தோலை மட்டும் ஒட்டினால் அது மீண்டும் சுருங்கக்கூடும் என்பதால், அருகிலுள்ள தோலைக் கொழுப்போடும் அதற்குரிய இரத்த ஓட்டத்தோடும் மடலாகத் திருப்பி வைத்து மூடும் முறையைப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் பல நேரங்களில் தேர்ந்தெடுக்கிறார்கள். நரம்போ தசைநாணோ வெளியே தெரியுமிடத்தில் இதன் அருமை இன்னும் கூடுதல்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறையே உள்ளது. ஆயினும், அறுவைக்குப் பின் பல மாதங்கள் தொடர வேண்டிய இயன்முறைப் பயிற்சிக்காக எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஒவ்வொரு முறையும் நாள்கூலியை இழந்து வருவது எளிதன்று. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அப்பயிற்சியும், கையை நீட்டி வைக்கும் ஸ்பிளிண்ட்டும் கிடைக்க மாநகராட்சி ஆவன செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், காசிமேடு, சென்னை