24 கிலோ இப்போதைக்கு வேண்டாம், தம்பி

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் பிரஷர் இந்த மாதம் பரவாயில்லை, மருந்தைத் தவறாமல் போடுகிறாள். மாமி வீட்டு விஷயம் நீ நினைத்தபடியே முடிந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ பயிற்சிக்குத் தூக்குகிற அந்தக் கெட்டில்பெல், கைபிடி வைத்த இரும்புக் குண்டு, அதன் வயிற்றில் 24 என்று வார்த்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. 24 கிலோ என்றால் 53 றாத்தல், தம்பி. உன் முதுகுக்கு அது அதிகம்.

நேற்று பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். 8, 12, 16, 24 என்று ஒவ்வொன்றாகக் கைபிடியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. கடையில் நின்ற பொடியன் தானும் கெட்டில்பெல் செய்கிறவன், பொறுமையாக விளங்கப்படுத்தினான். புதிதாகத் தொடங்குகிற ஆம்பிளைக்கு 16 கிலோ போதும், பழைய நோ ஏதும் இருந்தால் 12 என்றான். பொம்பிளைகள் 8இல் தொடங்கி 12க்குப் போகலாமாம். உங்கள் வீட்டில் 8 கிலோவும் ஒன்று இருந்தால் மருமகளும் செய்யலாமே என்று நினைத்தேன். படத்தில் அப்படி ஒன்று தெரியவில்லை.

ரஷ்யாவில் முந்தி இதைச் சந்தையில் தானியம் நிறுக்கிற படிக்கல்லாக வைத்திருந்தார்களாம். அவர்களுடைய ஒரு பூட் என்பது 16 கிலோ சொச்சம். அதனால்தான் 16, 24, 32 என்று போகிறது: ஒரு பூட், ஒன்றரை, இரண்டு. நாலாம் குறுக்குத் தெருக் கடையில் அத்தனை வருடம் தராசடியில் நின்ற எனக்கு இதைக் கேட்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் கணக்கைப் பார். 16இலிருந்து 24க்குப் போனால் ஒரேயடியாக அரைப் பங்கு ஏற்றுகிறாய். இப்போது இடையில் 20 கிலோவும் விற்கிறார்கள். 4 கிலோ 4 கிலோவாக ஏறு.

ஸ்விங் என்று குண்டைக் கால்களுக்கிடையில் ஆட்டி முன்னுக்கு வீசுகிறபோது குந்தி எழும்பாதே. இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, இடுப்பின் உதைப்பில் குண்டை முன்னுக்கு விட வேண்டும். கை கயிறு மாதிரி சும்மா கூடப் போகும். இது பழகாமல் பாரத்தைக் கூட்டினால் முழுக்க முதுகில்தான் விழும். தலைக்கு மேல் தூக்குவதற்கு அந்தப் பொடியன் ஒரு அளவு சொன்னான். ஒற்றைக் கையால் 5 தரம், நாரி வளையாமல், மூச்சுத் திணறாமல் தூக்க முடிந்தால் அந்த நிறை உனக்குச் சரி. மூன்றாவது தரமே பின்னால் வளைந்தால் குறைந்த நிறைக்கு இறங்கு. 24ஐ இப்போதைக்கு விடு.

நிலத்தில் படுத்து, ஒரு கையை மேலே நீட்டியபடியே எழும்பி நிற்கிற ஒன்றும் இருக்கிறதாம், டர்கிஷ் கெட்-அப் என்று. அதைப் பழகுகிறவர்கள் முதலில் குண்டைத் தொடுவதில்லை. மூடின கையின் மேல் ஒரு சப்பாத்தை வைத்து, அது விழாமல் எழும்பிப் பார்க்கிறார்கள். நீயும் சப்பாத்தோடு தொடங்கு. படத்தில் கதவடியில் உன் கறுப்புச் சப்பாத்து தெரிந்தது. அந்த ஒரு சோடிதான் தெரிந்தது. மற்றவை உள்ளே இருக்கும்.

இங்கே ஐந்தரைக்கு நான் தேத்தண்ணி வைக்கிற நேரம் நீ வாட்ஸ்அப்பில் நிற்கிறாய். அப்போது லண்டனில் இரவு ஒரு மணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. நித்திரை இல்லாத உடம்பு பாரம் தாங்காது என்று மட்டும் சொல்கிறேன். மூன்று கிழமையாக நீ போன் எடுக்கவும் இல்லை, படம்தான் வருகிறது. தங்கச்சியைப் படிப்பித்து ஆளாக்கினது நீ. அதை நான் இந்தத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை தாயோடு ஐந்து நிமிடம் கதைக்கக் கூடாதா?

அந்தச் சீனி லொறி உனக்கு ஞாபகம் இருக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்த லீவு, மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் இரண்டு பேர் வரவில்லை. 50 கிலோ மூட்டை. நாலாவது மூட்டையை நீ வழியில் இறக்கி வைத்தாய், முகம் வெளிறிப் போயிருந்தது. "இதைத் தூக்க ஏலாதவன் நாளைக்கு ஒரு குடும்பத்தை எப்படித் தூக்குவாய்" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாய். மூன்று நாள் வெறும் நிலத்தில் படுத்திருந்தாய். அம்மா சித்தாலேப பூசினாள். நான் அறை வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டேன்.

அந்த நேரம் என் சட்டைக்குள்ளே நான் இடுப்புப் பட்டி கட்டியிருந்தேன், தம்பி. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம். அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. என்னால் ஏலாது என்று கடையில் சொல்ல வெட்கம், அதனால் உன்னைத் தூக்க வைத்தேன். நான் கேட்டது பிழை. கேட்ட அன்றைக்கே அது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ எதையும் பாரம் என்று என்னிடம் சொன்னதே இல்லை. அதை நான் உன் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த 24ஐச் சுவரோரம் வை. 16 வாங்கு, இல்லாவிட்டால் 12. நாரியிலிருந்து காலுக்கு விறுவிறு என்று இறங்கினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. தூக்குகிற நேரத்தில் ஏலாமல் வந்தால் இறக்கி வை. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் கேட்க மாட்டேன்.

அடுத்த மாதம் சின்னத்தான் அங்கே வருகிறார். தூளுக்கு மிளகாய் வாங்கிக் காய வைத்தாயிற்று. வழக்கம்போல இரண்டு கிலோ அனுப்பவா, ஒரு கிலோ போதுமா? எதுவென்றாலும் எழுது, அதற்குக் கணக்காக மில்லில் கொடுத்துத் திரிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா