வசந்திக்கு ஒரு நீண்ட பதில்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே, வலிக்கிறதே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள். இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சின்னவள் வேலை மாறிவிட்டாள், நான் ஓய்வுபெற்ற பிறகும் பூகோளத்தை விடவில்லை, அதனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அறுவை சிகிச்சைக்கு நீ எவ்வளவு காலம் காத்திருந்தாய், மகள் வாடகைக்கே பாதிச் சம்பளத்தைக் கொடுக்கிறாள், பேரனின் வகுப்பில் உட்கார இடமில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை நிறுத்தினால்தான் எல்லாம் சரியாகும் என்று முடித்திருந்தாய். அடுத்த பத்தியிலேயே உன் தங்கை மகன் வெளிநாடு போக விண்ணப்பித்திருப்பதைச் சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். இரண்டுமே உன் மனதில் இருப்பதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த விஷயத்தில் ஏறக்குறைய எல்லோருடைய மனமும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் உலகமே நிரம்பி வழிகிறது என்றாயே, அதிலிருந்து வருகிறேன். 1974இல் 400 கோடியாக இருந்த நாம் 2022 நவம்பர் 15 அன்று 800 கோடி ஆனோம் என்று ஐ.நா. கணக்கிட்டது. ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை, இரண்டு மடங்கு. பயமாகத்தான் இருக்கும். ஆனால் வளரும் வேகம் எப்போதோ குறையத் தொடங்கிவிட்டது. 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டிப் போனது இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள், இப்போது இரண்டே கால். 2080களின் நடுவில் 1030 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும் என்பது ஐ.நா.வின் 2024 மதிப்பீடு. தென் கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். ஆக, வசதியான நாடுகளில் நெரிசல் கூடுகிறது என்றால் அதற்குப் பிறப்பு பெரிய காரணம் இல்லை, குடியேற்றம்தான். அதிலும் உலகத்தில் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர்கள் 2024இல் சுமார் 30.4 கோடி, நூறு பேரில் நான்கு பேர்கூட இல்லை. ஆனால் அந்த நாலு பேரும் நாடு முழுக்கப் பரவிப் போவதில்லை, வேலை இருக்கிற சில நகரங்களில் போய்க் குவிகிறார்கள். உன் மகள் உணர்வது அந்தக் குவியலைத்தான்.

கூட்டம் அதிகமானால் வாழ்க்கைத் தரம் தானாகவே குறைந்துவிடும் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நெதர்லாந்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கும் மேல். ஆஸ்திரேலியாவில் நான்கு பேர்கூட இல்லை, முக்கால்வாசி நிலம் வறண்டது என்பது வேறு விஷயம். இரண்டு நாட்டிலும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள், இரண்டு நாட்டிலும் வீட்டு வாடகை பற்றி ஒரே புலம்பல்தான். அதனால் எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார். ஒரு நாட்டின் பாலம், குடிநீர்க் குழாய், பள்ளிக் கட்டடம், மின்கம்பி எல்லாம் சராசரியாக ஐம்பது ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள். மக்கள்தொகை ஒரே அளவில் நின்றால்கூட ஆண்டுதோறும் 2 சதவீதத்தைப் புதுப்பித்தாக வேண்டும், பழசுக்குப் பதில் புதுசு, அவ்வளவுதான். அதே நாட்டில் மக்கள்தொகை ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால்? பழசை மாற்ற 2, புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு 2. கட்டுமான வேலை இரட்டிப்பாகிவிடும். ஆனால் மக்கள் கூடியது 2 சதவீதம்தான், வரி வருமானமும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். அந்த இடைவெளியை யாராவது கடன் வாங்கியோ வரியைக் கூட்டியோ அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் அது மருத்துவமனை வரிசையாகவும் பேருந்து நெரிசலாகவும் வெளியே தெரியும். வருகிறவர்கள் நல்லவர்களா, உழைப்பாளிகளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அத்தனை பேரும் அந்த நாட்டிலேயே பிறந்த குழந்தைகளாக இருந்தாலும் இதே கணக்குதான்.

இதற்குக் கனடாவைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் இல்லை. 2023இல் மட்டும் அங்கே சுமார் 12.7 லட்சம் பேர் கூடினார்கள், 3.2 சதவீத வளர்ச்சி, அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் குடியேற்றத்தால் வந்தது. அதே ஆண்டு கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 2.4 லட்சம். அங்கே ஒரு வீட்டில் சராசரியாக 2.4 பேர் இருக்கிறார்கள், இந்தக் கணக்கிலோ ஒரு புது வீட்டுக்கு ஐந்து பேருக்கும் மேல் வருகிறது, அதுவும் அந்த வீடுகள் கட்டி முடிந்தால். மொத்த உற்பத்தி வளர்ந்தது என்று அரசு சொன்னது, அது உண்மைதான். ஆனால் தலைக்கு வகுத்துப் பார்த்தால் 2023, 2024 இரண்டு ஆண்டும் குறைந்தது. கடைசியில் 2024 அக்டோபரில் அரசே பின்வாங்கி, 2025இல் நிரந்தர வசிப்புரிமை கொடுக்க வைத்திருந்த 5 லட்சம் என்ற இலக்கை 3.95 லட்சமாகக் குறைத்தது, மாணவர் அனுமதிக்கும் 2024 தொடக்கத்திலேயே உச்சவரம்பு வைத்துவிட்டது.

ஏன் அப்படி விட்டார்கள் என்று பார்த்தால் அதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. யாரை எத்தனை பேர் உள்ளே விடுவது என்று முடிவெடுப்பதில் பெரிய பங்கு மத்திய அரசுக்கு, மருத்துவமனையையும் பள்ளியையும் நடத்துவது மாகாண அரசு, எங்கே எவ்வளவு உயரத்துக்கு வீடு கட்டலாம் என்று அனுமதி தருவது நகராட்சி. ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் சோறு போட வேண்டும், மூன்றாமவர் பாய் விரிக்க வேண்டும், மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதில்லை. மாகாணங்கள் நிதியை இறுக்கியதும் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் பல மடங்கு கட்டணத்தை நம்பின. முதலாளிகளுக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைத்தது, வீடு வைத்திருப்பவர்களுக்கு வாடகை ஏறியது. லாபம் இவர்களுக்கு. நெரிசல் உன் மகளைப் போன்றவர்களுக்கும், அதைவிட அதிகமாக, நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டிவிட்டு அடித்தளத்து அறையில் ஆறு பேரோடு படுத்திருக்கும் வெளிநாட்டு மாணவனுக்கும். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்ப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது, வசந்தி.

சிங்கப்பூரும் இதை அனுபவித்திருக்கிறது. 2004இல் சுமார் 42 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2013இல் 54 லட்சம், ரயிலும் வீடும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து 2030இல் 69 லட்சம் வரை போகலாம் என்று அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட, போராட்டமே அபூர்வமான அந்த நாட்டில் ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அதன் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையின் வேகத்தைக் குறைத்தார்கள், ரயில் பாதைகளை நீட்டினார்கள், வீட்டு வாரியக் கட்டுமானத்தை முடுக்கினார்கள். 2024இல் 60 லட்சத்தைத் தாண்டியும் நாடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சம்பளம் குறைந்துவிடும் என்றும் எழுதியிருந்தாய். இதில் நீ நினைப்பது போல நேரடிக் கணக்கு இல்லை. 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து ஒன்றேகால் லட்சம் பேர் சில மாதங்களுக்குள் அமெரிக்காவுக்குப் படகில் வந்தார்கள், மயாமி நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை 7 சதவீதம் ஏறியது. டேவிட் கார்ட் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து பார்த்து, உள்ளூர்க்காரர்களின் கூலியிலோ வேலையிலோ பெரிய பாதிப்பு இல்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் என்பவர் அதே நிகழ்வின் தரவை வேறுமாதிரிப் பிரித்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களுக்கு நல்ல அடி விழுந்தது என்றார். சண்டை இன்னும் ஓயவில்லை. வருகிறவரும் சாப்பிடுகிறார், துணி வாங்குகிறார், அதனால் வேலையும் உண்டாகிறது என்பது உண்மை. அடி விழுந்தால் அது கீழ்த்தட்டில்தான் முதலில் விழும் என்பதும் உண்மை. அந்தத் தட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு முன் வந்த குடியேறிகள்தான்.

சரி, அடியோடு நிறுத்திவிட்டால்? ஜப்பானைப் பார். நீண்ட காலம் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தார்கள். 2008இல் 12.8 கோடியைத் தொட்ட மக்கள்தொகை 2024இல் 12.4 கோடி, நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், 2023 கணக்கெடுப்பில் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. நெரிசல் இல்லாத கிராமங்கள் ஏராளம், ஆனால் பள்ளி மூடிவிட்டது, பேருந்து வருவதில்லை, டாக்டரும் இல்லை. அவர்களே 2019இல் புதிய விசா வகையைத் தொடங்கி முதியோர் பராமரிப்புக்கும் கட்டுமானத்துக்கும் வெளிநாட்டாரை அழைத்தார்கள். உனக்கு அறுவை சிகிச்சை முடிந்து உன்னைக் கைபிடித்து நடக்க வைத்தது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் என்று நீயே எழுதியிருந்தாய். அவள் வராமல் இருந்திருந்தால் வரிசை குறைந்திருக்காது, நீண்டிருக்கும்.

அதற்காக, முதுமைக்கு மருந்து குடியேற்றம்தான் என்று மேடையில் முழங்குகிறவர்களையும் நம்பாதே. உழைக்கும் வயதினருக்கும் முதியவர்களுக்கும் உள்ள விகிதத்தை அப்படியே வைத்திருக்க வேண்டுமானால் எத்தனை பேர் வர வேண்டும் என்று 2000இல் ஐ.நா. கணக்குப் போட்டது. தென் கொரியாவுக்கு மட்டும் 2050க்குள் 510 கோடி பேர் வேண்டும் என்று வந்தது. நடக்கிற காரியமா? வருகிறவர்களுக்கும் வயதாகும், அவர்களும் நம்மைப் போல மூட்டுவலியோடு உட்காருவார்கள்.

அப்புறம், அனுப்புகிற நாட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒரு செவிலியரைப் படிக்க வைத்த செலவு ஏழை நாட்டுக்கு, உழைப்பு பணக்கார நாட்டுக்கு. சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள 55 நாடுகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்டு, அங்கே போய் ஆள் திரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. போகிறவரைத் தடுக்க எனக்கு மனம் வராது, ஆனால் எடுத்துக்கொள்கிற நாடு பயிற்சிச் செலவில் ஒரு பங்காவது திருப்பித் தர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நாட்டின் வாழ்க்கைத் தரம் என்கிறோமே, அதில் யாரையெல்லாம் சேர்க்கிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வெளிநாட்டினர். கட்டடம் கட்டுகிறவன் தொழிலாளர் முகாமில் தூங்கிவிட்டு வயதானதும் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். குடிமக்களின் வசதியை மட்டும் கணக்கெடுத்தால் அருமையான நாடுதான். நான் அப்படிக் கணக்கெடுக்க மாட்டேன். ஒருவரை உழைக்க அழைத்தால் குடும்பத்தோடு வாழவும், முதலாளியை மாற்றவும், சில ஆண்டுகளில் குடிமகனாகவும் வழி வைத்திருக்க வேண்டும். இந்த உரிமைகளைக் கொடுப்பதாக இருந்தால் எத்தனை பேரை அழைக்க முடியும் என்ற எண்ணிக்கை தானாகவே ஒரு நியாயமான அளவுக்கு வந்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். எத்தனை வீடு கட்டி முடிந்தது, எத்தனை மருத்துவர், எத்தனை ஆசிரியர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று பார்த்து அதற்கேற்ப ஆண்டுதோறும் எண்ணிக்கையை ஏற்றி இறக்கட்டும். ஆளை எடுப்பதால் லாபம் பெறும் கல்லூரியும் கம்பெனியும் தங்குமிடத்துக்குப் பணம் கட்டட்டும். நெதர்லாந்து ஏற்படுத்திய ஒரு குழு 2024 ஜனவரியில் ஏறக்குறைய இதே வழியில்தான் யோசித்தது, 2050இல் மக்கள்தொகை 1.9 கோடிக்கும் 2 கோடிக்கும் இடையில் இருக்கும்படியான மிதமான வளர்ச்சி போதும் என்று பரிந்துரைத்தது. போரில் தப்பி வருகிறவர்களை மட்டும் இந்த வரம்புக்குள் அடைக்கக் கூடாது, அதில் நான் யாரோடும் பேரம் பேசத் தயாராக இல்லை.

ஒரு இடத்தில்தான் எனக்கு முடிவு வரவில்லை. ஏற்கனவே குடியேறியவர்கள் வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொள்வதை அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா? சேர்த்தால் மகன் ஓரிடம், அம்மா ஓரிடம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சேர்க்காவிட்டால் நெருக்கடியில் இருக்கும் அதே மருத்துவமனைகளுக்குத்தான் கூடுதல் சுமை. உன் தங்கைக்கு நாளைக்கு இதே நிலை வரலாம் என்பதால் உன்னிடம் கேட்கிறேன், யோசித்து எழுது. என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

அன்புடன்,
கமலா