கத்தரிக்கோலுக்கு முன் பத்து நிமிடம்

அன்புள்ள மகளுக்கு,

வரும் வியாழக்கிழமை உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசிக்கணவாயை அறுத்துப் பார்க்கும் டிஸெக்‌ஷன் என்று நேற்று போனில் சொன்னாய். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பயமாக இருக்கும் விஷயத்தைச் சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான் சொல்வாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் உயிரியல் பாடம் நடத்தியவனுக்கு மகளிடம் சொல்ல ஒன்றாவது இருக்கும் அல்லவா?

அந்த ஒன்று இதுதான்: முதல் பத்து நிமிடம் யார் கையிலும் கத்தரிக்கோல் கொடுக்காதே.

என் முதல் வகுப்பில் மணி அடித்ததுமே கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பாதித் தட்டுகளில் மைப்பை கிழிந்து, செவுள் எது குடல் எது என்று தெரியாமல் எல்லாம் கறுத்துப் போயின. பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு, பாடப்புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து நோட்டில் வரைந்தார்கள். ஓர் உயிரை மேசைவரைக்கும் கொண்டுவந்து, அதைப் பார்க்காமலே வீணாக்கிவிட்டோமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. எட்டுக் கைகளையும், அவற்றைவிட நீளமான இரண்டு பற்றுக்கரங்களையும் எண்ணட்டும். உறிஞ்சிகளை விரல் நுனியால் தடவினால் உள்ளே பல் வைத்த வளையம் நெருடும். தோலில் இருக்கும் செம்பழுப்புப் புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறப் பை; உயிரோடு இருந்தபோது சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நொடியில் நிறம் மாறியது இப்படித்தான். அப்புறம் கைகளுக்கு நடுவில் இரண்டு விரலால் அழுத்தினால் கறுப்பாக ஓர் அலகு வெளியே வரும். கிளி மூக்கு மாதிரி இருக்கிறது என்பார்கள். கீழ் அலகு மேல் அலகை மூடுகிறதா, மேல் அலகு கீழ் அலகை மூடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடு. கிளிக்கு மேல் அலகு வெளியே, இதற்குக் கீழ் அலகு வெளியே. அதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளை அதற்கப்புறம் எதையும் சும்மா பார்க்காது.

அறுக்கும்போது, தலைக்கு அடியில் குழாய் மாதிரி இருக்கும் புனல் தெரியும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மொட்டை நுனிக் கத்தரிக்கோல். உடம்பைப் பை மாதிரி மூடியிருக்கும் மேற்போர்வையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கத்தரியின் நுனியும் மேல்நோக்கி இருக்க, ஓரத்திலிருந்து வால்வரை ஒரே நேர்கோடு. திறந்ததும் எதையும் தொட வேண்டாம். வெள்ளி பூசியது போல மின்னும் நீளமான பைதான் மைப்பை. முதலில் அதை இடுக்கியால் பிடித்து மெதுவாக எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல். கடைசியில் முதுகுப் பக்கத்திலிருந்து கண்ணாடி இறகு மாதிரி ஒன்றை உருவி எடுப்பார்கள். சிப்பியின் இனத்தைச் சேர்ந்த இந்த உயிருக்கு ஓடாக மிச்சம் இருப்பது அதுதான். அந்த இறகை அந்த மையில் தொட்டுப் பெயர் எழுதட்டும்.

ரத்தம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். இதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம்; ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம், இல்லாவிட்டால் கிட்டத்தட்ட நிறமே இல்லை. இதயம் மூன்று. இரண்டு செவுள்களின் அடியிலும் ஒவ்வொன்று, ரத்தத்தைச் செவுளுக்குள் தள்ள; நடுவில் ஒன்று, உடம்பு முழுக்க அனுப்ப. வெளிறிப்போய்ச் சின்னதாக இருக்கும், அவசரப்பட்டால் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பல ஆசிரியர்கள் அதைக் காட்டாமலே முடித்துவிடுகிறார்கள். மேற்போர்வையின் உட்சுவரில், தலைக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் நட்சத்திரம் மாதிரி ஒரு நரம்பு முடிச்சு இருக்கும். அதிலிருந்து கதிர்கதிராகப் பிரிந்து போகும் நரம்புகளுக்குள் இருக்கும் ராட்சத இழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை வளரும். ஆபத்து வந்தால் போர்வை முழுவதும் ஒரே கணத்தில் இறுகி, தண்ணீரைப் புனல் வழியாகப் பீய்ச்சித் தப்பிக்க வேண்டும். இழை தடிமனாக இருந்தால் செய்தி வேகமாகப் போகும். நம் நரம்பிழைக்குள் கருவி நுழைக்க அந்தக் காலத்தில் வழியே இல்லை. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1939-இல் இந்தக் கணவாய் இழைக்குள் மின்முனையைச் செருகி, நரம்பில் மின்துடிப்பு ஓடுவதை உள்ளிருந்தே அளந்தார்கள். நடுவில் போர் வந்து வேலை நின்றது. 1952-இல் முழு விளக்கத்தையும் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு. உன் வகுப்பில் ஒரு பிள்ளை விரலைச் சுட்டுக்கொண்டு கையை இழுத்தால், அந்த விரலில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரிந்தது இந்த உயிரால்தான். இதைச் சொல்லும்போது நட்சத்திரத்தைத் தொட்டுக் காட்டிச் சொல். வெறும் கரும்பலகையில் வேண்டாம்.

மாட்டேன் என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதே, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டவும் செய்யாதே. அந்தப் பிள்ளைக்குப் படமோ மாதிரியோ கொடு, அதே கேள்விகளைக் கேள். என் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை ஜன்னலோரமே நின்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. கண்ணின் லென்ஸை எடுத்து, கழுவி, அச்சிட்ட காகிதத்தின் மேல் வைத்தபோது மட்டும் வந்து குனிந்தாள். பாசிமணி அளவில் உருண்டையாக ஒரு லென்ஸ், அதன் அடியில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை, ஆனால் அந்த வகுப்பில் நன்றாகப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

உறையவைத்த கணவாய் என்றால் முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடு. காலையில் வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் உள்ளே எல்லாம் குழைந்துவிடும். எல்லோருக்கும் கையுறை. முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

என்னுடைய பழைய லென்ஸைத் துணியில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். பிடி கொஞ்சம் ஆடும், பார்வை தெளிவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் போன் பண்ணும்மா. எத்தனை மேசையில் மூன்று இதயமும் கிடைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா