முதலில் சோறு, அப்புறம் சொற்பொழிவு

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் வந்தால் தமிழ் மொழி விழா. வாராவாரம் ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். போன முறை அழைப்பிதழில் ஆறரை என்றிருந்தது, தொடங்கியது ஏழேகாலுக்கு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நடுவில் ஒன்பது பேருக்குப் பொன்னாடை. நன்றியுரை முடிந்து வெளியே வந்தபோது மணி 9.50. பிரியாணித் தட்டின் ஓரத்தில் நெய் உறைந்திருந்தது. ‘9.30க்குள் சாப்பிடவும்’ என்று உணவுப் பெட்டியில் ஒட்டியிருந்ததை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கொலைப்பசி. இரண்டு தட்டு சாப்பிட்டேன், கேசரி தனி.

மறுநாள் காலை வயிறு கல்லாகக் கிடந்தது. பசியாறவில்லை, அதாவது காலைச் சாப்பாடு இல்லை. பதினொரு மணிக்கு மேல் இரண்டு புரோட்டா, ஒரு தே தாரேக்.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இருட்டியதும் உடம்பில் மெலடோனின் என்ற ஹார்மோன் கூடுகிறது. தூக்கத்தை வரவழைப்பதோடு, கணையம் இன்சுலின் சுரப்பதையும் அது மட்டுப்படுத்துகிறது. அதே பிரியாணியைப் பகலில் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிடப் படுக்கப்போகும் நேரத்தில் சாப்பிட்டால் அதிகம் ஏறும். இஸ்ரேலில் உடல் பருத்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் நாளுக்கு 1,400 கலோரிதான். ஒரு பிரிவுக்குக் காலையில் 700, இரவில் 200, மிச்சம் மதியத்தில். மற்றதற்குக் காலையும் இரவும் தலைகீழ். 12 வாரத்தில் காலையில் நிறையச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 8.7 கிலோ குறைந்தார்கள், இரவில் சாப்பிட்டவர்கள் 3.6 கிலோ.

உடனே ‘காலையில் சாப்பிடாவிட்டால் குண்டாகிவிடுவோம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். 2019இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பசியாறியவர்கள்தான் நாளுக்கு 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். எடையும் ஒரு துளி அதிகம். ஆகவே நான் பசியாறாததை உங்கள் தலையில் கட்டவில்லை. இரவு பத்து மணிப் பிரியாணியை மட்டும்தான் கட்டுகிறேன்.

நீரிழிவுக்கு எதிரான போரை அரசாங்கம் 2016இல் அறிவித்தது. இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடம் அந்த நோய் அதிகம். ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ) 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்கிறார்கள். உங்கள் அரங்குகளின் முன்வரிசையை ஒருமுறை பாருங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

கேட்பது ஒன்றே. ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழுக்கு நிகழ்ச்சி. ‘சாப்பிட்டதும் கூட்டம் கலைந்துவிடும்’ என்று ஒரு செயலாளர் என்னிடம் அலுத்துக்கொண்டார். அப்படியென்றால் இத்தனை நாள் கூட்டத்தைக் கட்டிப்போட்டது பேச்சல்ல, பிரியாணிதான் என்றாகிவிடுமே ஐயா! பொன்னாடையை மூன்று பேரோடு நிறுத்தினால் எல்லாரும் எட்டரைக்கு எம்ஆர்டியில் இருக்கலாம்.

அடுத்த நிகழ்ச்சியில் இப்படிச் செய்து பார்ப்பதானால் சொல்லுங்கள். ஐந்தரைக்கே வந்து தட்டு அடுக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசைக்காரன்