சுவரில் மீன்தொட்டி மாட்டித் தரும் கடைக்காரர்களுக்கு, ஒரு வயர்மேன் எழுதுவது

அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

உங்கள் தொழிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னை கொளத்தூருக்குப் போய்ப் பையில் காற்று அடைத்து வாங்கி வந்த கப்பி மீன், இப்போது நான்காம் தலைமுறை ஓடுகிறது. மீனைப் பற்றி நீங்கள் சொல்லி நான் கேட்டுக்கொள்கிறேன். கரண்ட்டைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு பிளாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றும் வேலை. முடித்துக் கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "தம்பி, மீன்தொட்டியில கை வச்சா லேசா சுள்ளுங்குது. விரல்ல கத்தி பட்ட இடத்துல மட்டும். அது என்ன?"

ஹாலில் மூன்றடி நீளத்தில் அழகான தொட்டி. அதற்கு நேர் கீழே சுவிட்ச் போர்டு. ஃபிரேமுக்குப் பின்னாலிருந்து இரண்டு வயர் இறங்கி வந்தது. பிளக் இல்லை. பம்போடு வந்த தட்டை முள் பிளக் நம் ஊர் உருண்டை ஓட்டையில் நிற்காதல்லவா, அதனால் மாட்ட வந்தவர் அதை வெட்டிப் போட்டுவிட்டு, வயர் நுனியைச் சீவி சாக்கெட்டில் விட்டு, நழுவாமல் இருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சி சொருகியிருந்தார். ஃபிரேமுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் இன்னொரு ஜாயின்ட். டேப் சுற்றியது, ஈரத்தில் பசை விட்டுப் பிரிந்து தொங்கியது. எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, இப்படி நான் பார்ப்பது முதல் வீடும் இல்லை.

"மீனெல்லாம் நல்லாத்தானே நீந்துது தம்பி?" என்றார் அந்த அம்மா. நீந்தத்தான் செய்யும். கரண்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பது மாதிரிதான். தொட்டி கண்ணாடி, சுவரில் தொங்குகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கிறது. கரண்ட் வெளியே போக வழி இல்லை. தரையில் வெறுங்காலோடு நின்று கையை உள்ளே விடுகிறவர்தான் அந்த வழி. அன்றைக்கு அந்த அம்மா ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

பம்பைக் கழற்றி என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் போட்டு, எர்த் வயரின் ஒரு முனையையும் தண்ணீரில் விட்டு, தள்ளி நின்று சுவிட்சைப் போட்டேன். (நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) டிபி பாக்ஸில், அதாவது வீட்டு லைன்களுக்குக் கரண்ட்டைப் பிரித்துவிடும் பெட்டியில், ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச் அது. பம்புக்குள் வயர் நுழையும் இடத்தில் முடி அளவு வெடிப்பு. அவர்கள் வீட்டில் எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் பிரேக்கர், மட்டும்தான் இருந்தது, அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் விழவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் குழப்பிக்கொள்கிறீர்கள். "சார், உங்க வீட்டுல பிரேக்கர் இருக்கு, பயப்படாதீங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். 6 ஆம்பியர் எம்சிபி என்றால் அதற்குக் குறைவாக என்ன ஓடினாலும் அது சும்மா இருக்கும். மனிதன் பிடித்த கையை விட முடியாமல் போக 10 மில்லி ஆம்பியர் சொச்சம் போதும். 30-ஐத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பே குலையலாம். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர், அதாவது அந்த முப்பதைப் போல் 200 மடங்கு. எம்சிபி காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். பேஸில் (கரண்ட் வரும் வயர்) போன கரண்ட் நியூட்ரலில் (திரும்பும் வயர்) முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்க்கும். வரவில்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். சுருக்கென்று ஷாக் அடிக்கவே அடிக்காது என்று சொல்ல மாட்டேன், அடிக்கும். பிடித்துவைக்காது. ஒரு கை பேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் பட்டால் மட்டும் அதற்கும் தெரியாது.

இன்வெர்ட்டர் விஷயம் தனி. கரண்ட் போனால் மீன் செத்துவிடும் என்று தொட்டியை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கச் சொல்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் பல வீடுகளில் ஆர்சிசிபி இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். பேட்டரியில் ஓடும்போது கரண்ட் அதன் வழியாக வருவதே இல்லை, அப்புறம் எப்படி அது விழும்? இன்வெர்ட்டர் அவுட்புட்டில் இன்னொன்று போட்டாக வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஹூக் அடிக்க இடம் பார்ப்பதற்கு முன்னால் பிளக் பாயிண்ட் எங்கே என்று பாருங்கள். இப்போது நடப்பது தலைகீழ். சோபாவுக்கு எதிரே எங்கே எடுப்பாக இருக்கும் என்று பார்த்துத் தொட்டியை மாட்டிவிட்டு, கடைசியில் வயரை எங்கேயாவது சொருகுகிறீர்கள். வயர் எட்ட வேண்டும் என்பதற்காக சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயே மாட்டுகிறீர்கள். அதில் இரண்டு வினை. சுவருக்குள் பதித்த கன்சீல்டு வயரிங்கில் போர்டிலிருந்து பைப் நேராக மேலேதான் ஏறும், டிரில் பிட் அதற்குள் இறங்கும். அதற்குத் தப்பினாலும், தொட்டியில் கசிகிற தண்ணீர் சொட்டுச் சொட்டாக போர்டுக்குள்தான் விழும். பாயிண்ட் பக்கவாட்டில் ஓரிரண்டு அடி தள்ளி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். அப்படி இல்லையா, "முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாயிண்ட் எடுங்க, அப்புறம் வந்து மாட்டுறேன்" என்று திரும்பி வந்துவிடுங்கள். ஒரு நாள் வியாபாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வயரை இழுத்துக் கட்டாதீர்கள். சாக்கெட்டுக்குக் கீழே ஒரு தொட்டில் மாதிரி தொங்கி, பிறகு மேலேறி பிளக்கில் நுழையட்டும். வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

ஏர் மோட்டாரை ஃபிரேமுக்கு அடியில் ஒளித்துவைக்கிறீர்கள். கரண்ட் போனதும் தள்ளும் காற்று நின்று, தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். நம் ஊரில் கரண்ட் போகாத வாரம் உண்டா? மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், முடியாவிட்டால் டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், காற்றை ஒரு பக்கம் மட்டும் விட்டு, தண்ணீரைத் திரும்ப விடாது. டீ, வடைக் காசுதான்.

லைட்டுக்கு 12 வோல்ட் எல்ஈடி பட்டைதான் இப்போது எல்லோரும் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் அதன் அடாப்டருக்குள் 230 வோல்ட் வருகிறது. அதை ஃபிரேமுக்குள் திணித்தால் 12 வோல்ட் போட்டதன் பலனே போயிற்று. பம்பும் அடாப்டரில் ஓடும் குறைந்த வோல்ட் டிசி வகையாகக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட ஆனாலும் அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள், வாங்குகிறவர்கள் வாங்குவார்கள்.

எடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 90 சென்டிமீட்டர் நீளம், 45 உயரம், 12 அகலம் என்றால் தண்ணீர் மட்டுமே 48 கிலோவுக்கு மேல், கண்ணாடியும் கல்லும் தனி. நாலரை இஞ்சு சுவரில் அதை நீங்கள் மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது கொத்தனார் பேச வேண்டிய பேச்சு.

கடைசியாக, காசு வாங்கிக்கொண்டு இறங்கும் முன் வாசலில் நின்று ஒரு வார்த்தை. "தண்ணியில கை வைக்கிறதுக்கு முன்னாடி சுவிட்ச் நிறுத்தினா போதாது, பிளக்கையே பிடுங்கிடுங்க." ஏன் என்றால், பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பதை நான் வாராவாரம் பார்க்கிறேன். நிறுத்தினாலும் பேஸ் பம்பு வரைக்கும் வந்து நிற்கும். ஹீட்டர் போட்டிருந்தால் பிடுங்கிக் கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரை இறைக்கச் சொல்லுங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கலாம்.

அந்த அம்மா வீட்டுத் தொட்டியை இறக்கி, மூன்றடி தள்ளி மாட்டினோம். உங்களில் ஒருவர்தான் வந்து மாட்டினார். புது பாயிண்ட், எர்த்தோடு, டிபியில் ஆர்சிசிபி. டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். மாட்ட வந்த தம்பி, "அண்ணே, இது என்னண்ணே பட்டன்?" என்று கேட்டார். அவருக்கும் காட்டிக்கொடுத்தேன். வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் தொட்டி மாட்ட வந்தால் ஹூக் அடிக்கும் முன் சொல்லுங்கள். பாயிண்ட் பார்த்துச் சொல்லக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வயர்மேன்